வேலூரும் பத்தாம் பத்தியும்

1806 ஜூலை 10ஆம் நாள் வைகறையில் வேலூர்க் கோட்டையில் நிகழ்ந்த சிப்பாய்க் கிளர்ச்சியை மாணவ நண்பர்கள் பாடப் புத்தகங்களில் படித்திருப்பீர்கள். புதிய தலைப்பாகையைச் சிப்பாய்கள் வெறுத்தனர். அதனால் எழுந்தனர் என்று இரண்டு வரியில் கதை முடிந்துவிடும். அந்தக் கட்டளைகள் எந்தெந்த மேசைகளைக் கடந்து சிப்பாயை வந்தடைந்தன என்பதையே நான் இன்று சொல்ல விரும்புகிறேன்.

கிழக்கிந்தியக் கம்பெனி, நாடாளத் தொடங்கிய பின்னும் ஒரு வணிக நிறுவனமே. சென்னைக் கோட்டையில் அதன் காரியங்களைக் கவர்னரும் அவருடைய ஆலோசனைச் சபையும் நடத்திவந்தனர். அப்போது கவர்னர் வில்லியம் பெண்டிங்க். படைத்துறையின் தலைவர் சர் ஜான் கிரடாக். இவரும் அதே சபையில் ஓர் உறுப்பினர். ஆகவே இரு துறைகளுக்கும் இடையே கடலும் மலையும் இல்லை. ஒரே மேசைதான் இருந்தது.

சென்னைப் படைக்குரிய கட்டளைகள் பல ஆண்டுகளாக அங்கங்கே சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொகுத்து ஒரே விதிநூலாக்கக் கிரடாக் விரும்பினார். தொகுக்கும் வேலை அட்ஜுடன்ட் ஜெனரலின் அலுவலகத்தில் நடந்தது. 1806 மார்ச்சில் அந்நூல் அரசின் ஒப்புதலைப் பெற்றது. பழைய கட்டளைகளின் தொகுப்புதானே என்று சபையினர் எண்ணினர். அதன் பதினோராம் பிரிவில், பத்தாம் பத்தியில், ஒரு புதுமை ஒளிந்திருந்தது. சீருடை அணிந்திருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழித்துவிட வேண்டும், மீசையும் இயன்றவரை ஒரே அளவில் இருக்க வேண்டும். இது புதிது என்று எவரும் சுட்டிக்காட்டவில்லை என்பது கவர்னர் பின்னர்க் கூறிய சமாதானம். தளபதியோ, நெடுநாள் அனுபவமுள்ள தம் அதிகாரிகளை நம்பியதாகக் கூறினார். இருவர் கூற்றும் உண்மையாகவே இருக்கலாம். அதுதான் எனக்கு அச்சந்தருவதாக உள்ளது!

தலைப்பாகை வேறு வழியாக வந்தது. 1805 நவம்பரிலேயே கிரடாக் அதன் மாதிரிக்கு இசைவு தந்திருந்தார். தோல் சேர்த்த அந்தத் தலையணி, ஐரோப்பியர் தொப்பியைப் போல் சிப்பாய்களின் கண்ணுக்குத் தோன்றியது. நெற்றிக்குறியும் போய்த் தொப்பியும் வந்தால், அடுத்து மதமும் போகும் என்று அவர்கள் அஞ்சினர். தனித்தனியே பார்த்த அலுவலகங்களுக்கு இவை இரண்டு சிறு விஷயங்கள். சேர்த்து அனுபவித்தவனுக்கு ஒரே பெரிய விஷயம்.

1806 மே மாதத்தில் வேலூரிலிருந்த ஒரு பட்டாளம் தலைப்பாகையை மறுத்தது. இராணுவ நீதிமன்றம் இருவருக்குத் தொள்ளாயிரம் கசையடி விதித்தது. மேலும் பத்தொன்பது பேருக்கு ஐந்நூறு விதிக்கப்பட்டு, அவர்கள் மன்னிக்கப்பட்டனர். ஜூன் மாதத்தில் முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், சதி நடப்பதாகக் கர்னல் ஃபோர்ப்ஸிடம் நேரிலேயே சொன்னான். அவர் அதை விசாரிக்குமாறு இந்திய அதிகாரிகளையே ஏவினார். அவர்களோ அவனைப் பித்தன் என்று கூறினர்; அவன் காவலில் வைக்கப்பட்டான்.

கிரடாக்குக்கும் ஐயம் எழாமல் இல்லை. அவர் சபைக்கு எழுதினார். இப்போது பின்வாங்கினால் படையின் ஒழுங்கு குலையும் என்று சபை கருதியது. மதத்தில் தலையிடும் எண்ணமில்லை என்று சிப்பாய்களுக்கு உறுதி கூறும் அறிவிப்பொன்று வரையப்பட்டது. அமைதி திரும்பிவிட்டது என்ற நம்பிக்கையால் அது வெளியிடப்படவே இல்லை.

ஜூலை 10 அன்று கோட்டைத் தலைவர் கர்னல் ஃபேன்கோர்ட்டும் நூற்றுக்கு மேற்பட்ட ஐரோப்பியரும் மாண்டனர். ஆர்க்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையுடன் விரைந்து வந்தார். அதன்பின் கொல்லப்பட்ட சிப்பாய்கள் பல நூற்றுவர். கோட்டையில் காவலிலிருந்த திப்புவின் மைந்தர்கள்மீது பழி சுமத்துவது எளிதாயிற்று. மைசூர்க் கொடி ஏறியது உண்மை. சம்பளக்குறையும் தோற்ற அரசின் நினைவும் இக்கிளர்ச்சிக்கு உரமிட்டன என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் மே மாதக் கசையடிக்கு இளவரசர்கள் காரணமல்லர்.

ஒரே வாரத்தில், ஜூலை 17ஆம் நாள், அக்கட்டளைகள் திரும்பப் பெறப்பட்டன. பித்தன் எனப்பட்ட முஸ்தபா பேக்குக்கு அரசு பரிசளித்தது. இலண்டனிலிருந்த இயக்குநர்கள் 1807இல் கவர்னரையும் தளபதியையும் ஒருங்கே திரும்ப அழைத்தனர். பெண்டிங்க் தம்மேல் குற்றமில்லை என்று 1809இல் நீண்டதொரு விண்ணப்பம் எழுதினார். 1828இல் அவரையே கம்பெனி கவர்னர் ஜெனரலாக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பியது.