இன்காக்களுக்கு முந்திய கோயில்

பெரு நாட்டு மலைப்பிரதேசத்திற் பயணஞ் செய்வோர் பழங்கட்டடம் எதனைக் கண்டாலும் இன்கா மன்னர் கட்டியதென்றே எண்ணிவிடுவர். அவ்வெண்ணத்தை மாற்றவல்லது சவீன் என்னும் சிற்றூர். 1970ஆம் ஆண்டுப் பூகம்பத்திற் சிதைந்து மீண்டெழுந்த வாராஸ் நகரிலிருந்து, பனிமூடிய மலைத்தொடரைச் சுரங்கப்பாதை வழியே கடந்தால், 3,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அவ்வூரை அடையலாம். அங்குள்ள கோயில், இன்காப் பேரரசு எழுவதற்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே சிறப்புற்றிருந்தது. மலைநாட்டுப் பழங்குடியிற் பிறந்த அறிஞர் ஹூலியோ தெல்யோ 1919இல் ஆராயத் தொடங்கிய பின்னரே அத்தொன்மை தெளிவாயிற்று.

இருண்டு ஒடுங்கிய நிலவறைகளின் நடுவே, நாலரை மீற்றர் உயரமான கருங்கல்லொன்று நிற்கின்றது. கோரைப்பற்களும் பாம்புக் கூந்தலுங் கொண்ட தெய்வவடிவம் அதிற் செதுக்கப்பட்டுள்ளது. 2001இல் வேறொரு நிலவறையில் இருபது சங்குகள் அகப்பட்டன. வடக்கே வெப்பக்கடலிற் பிறந்து, மலைகடந்து வந்தவை அவை; நெடுநாட் புழக்கத்தால் வழுவழுப்பாய்த் தேய்ந்திருந்தன. அவ்விருளில் அவற்றை ஊதுகையில் எத்துணை முழக்கம் எழுந்திருக்கும்!

1945இல் பனியேரி உடைந்து பாய்ந்த சேற்றுவெள்ளம் கோயிலை மூடியது. சேறு அகற்றப் பல்லாண்டுகள் சென்றன. புறச்சுவரிற் பதித்திருந்த கற்றலைகளுள் இன்று ஒன்றே தன்னிடத்தில் எஞ்சியுள்ளது.