கூலி, பேர், துண்டு: பெருந்தோட்ட ஊதியச் சொற்களும் உலகச் சந்தையும்

1. முன்னுரை

பன்னாட்டு வணிகம் தொழிலாளரின் ஊதியத்தை எவ்வாறு பாதிக்கிறது என்னும் வினாவுக்குப் பொருளியலார் ஏற்றுமதி விலைகளையும் ஊதியப் பட்டியல்களையும் ஒப்பிட்டு விடை காண்பர். பட்டியலில் ஒரு நாளுக்குரிய கூலி மாறாதிருக்கும் காலத்திலும் தொழிலாளியின் கைக்கு வரும் தொகை குறையக்கூடும். அக்குறைவு எவ்வழியாக நேர்ந்தது என்பதை அவர்கள் வழங்கிய சொற்கள் காட்டுகின்றன. தமிழகத்திலிருந்து இலங்கை, மலாயாப் பெருந்தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளரின் ஊதியச் சொற்கள் சிலவற்றை வரலாற்றுப் பின்னணியில் வைத்து ஆராய்வதும், அச்சொற்களை மொழிபெயர்ப்பதில் எழும் சிக்கல்களைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கூலி: பயனைக் குறித்த சொல் ஆளைக் குறித்தமை

‘கூலி’ என்னும் சொல் உழைப்புக்குப் பெறும் பயன் என்னும் பொருளில் திருக்குறளின் 619ஆம் குறளில் இடம்பெறுகிறது. கன்னடம், தெலுங்கு, மலையாளம் ஆகிய மொழிகளிலும் இச்சொல் அப்பொருளில் வழங்குகிறது. ஐரோப்பியர் வழக்கில் இதே ஒலி வடிவம் உடலுழைப்பு செய்யும் ஆளைக் குறித்தது. ஆங்கிலச் சொல் குஜராத்துப் பகுதியின் கோலி என்னும் மக்கட் பிரிவின் பெயரிலிருந்து வந்தது என்று கருதுவோரும், தமிழ்ச் சொல்லிலிருந்து வந்தது என்று கருதுவோரும் உளர். முதல் மூலம் எதுவாயினும், பின்னைய வழக்கை வலுப்படுத்தியதில் தமிழ்ச் சொல்லுக்குப் பங்குண்டு எனலாம்.

இப்பொருள் மாற்றம் நிகழ்ந்த சூழல் கருதத்தக்கது. பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் நிறைவேறியது. கரும்புத் தோட்டங்களுக்கு மாற்று உழைப்பு தேவைப்பட்டது. 1834 முதல் மொரீசியசுக்கும், 1860 முதல் நேட்டாலுக்கும் இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராக அனுப்பப்பட்டனர். சர்க்கரை, காப்பி, தேயிலை, ரப்பர் ஆகியவற்றின் உலக வணிகம் விரிந்தபோது உழைப்பும் கப்பலேற்றி அனுப்பப்படும் சரக்குகளுள் ஒன்றாயிற்று. ஊதியத்தின் பெயரே ஆளின் பெயராக நிலைபெற்றது இக்காலத்திலேயே ஆகும்.

3. கங்காணியும் துண்டும்

இலங்கைக்கு ஆள் சேர்த்தல் பெரும்பாலும் கங்காணி வழியாக நடைபெற்றது. மேற்பார்ப்பவர் என்னும் பொருளில் சோழர் காலக் கல்வெட்டுகளில் பயிலும் ‘கண்காணி’ என்னும் சொல்லே இவ்வடிவம் பெற்றது. தோட்டத்தில் பெரிய கங்காணி, அவருக்குக் கீழ்ச் சில்லறைக் கங்காணிகள் என்னும் அடுக்கு இருந்தது. பயணச் செலவு முன்பணமாகத் தரப்பட்டுத் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. தம் ஆட்களுள் வேலைக்கு வந்தோரின் எண்ணிக்கைக்கேற்பக் கங்காணி தலைக்காசு பெற்றார்.

ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்துக்குச் செல்ல விரும்பியவருக்குத் ‘துண்டு’ தேவைப்பட்டது. இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இவரை விடுவிப்போம் என்று தோட்ட நிருவாகம் எழுதித் தரும் சீட்டே துண்டு. புதிய தோட்டம் அக்கடனை ஏற்றுத் தொழிலாளியைப் பெற்றது. ஆகவே, தேயிலை விலை ஏறி ஆள்களுக்குப் போட்டி மிகுந்த காலங்களில், தொழிலாளியின் கூலி உயர்வதற்கு மாறாக அவர்மீது எழுதப்பட்ட முன்பணமே உயர்ந்தது. சந்தை உயர்வின் பயன் கடன் வடிவில் வந்து, கங்காணியின் கையில் தங்கியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

4. காப்பி வீழ்ச்சியும் வெள்ளி விலையும்

1869இல் இலங்கையில் காணப்பட்ட இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களைப் படிப்படியாக அழித்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. தோட்டங்கள் நொடித்தபோது பல மாதக் கூலி தொழிலாளருக்கு நிலுவையாக நின்றது. 1889ஆம் ஆண்டின் 13ஆம் சட்டம் ஒரு மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் தரவேண்டும் என விதித்தது. காப்பு என்ற பெயரில் வந்த இவ்விதியும் தோட்ட உரிமையாளருக்கு வட்டியில்லாக் கடன் கிடைக்க இடமளித்தது.

காப்பிக்குப் பின் வந்த தேயிலை இலண்டனில் பவுனுக்கு விற்கப்பட்டது. கூலி ரூபாயில் தரப்பட்டது. 1873க்கு முன் ஏறத்தாழ 2 ஷில்லிங்காக இருந்த வெள்ளி ரூபாயின் மதிப்பு, உலகச் சந்தையில் வெள்ளி விலை வீழ்ந்தமையால் 1893இல் ஏறத்தாழ 1 ஷில்லிங் 3 பென்சாயிற்று. ரூபாய்க் கணக்கில் கூலி மாறாதிருக்க, பவுன் கணக்கில் அதன் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 1893இல் இந்திய நாணயச் சாலைகளில் தனியார் வெள்ளியை நாணயமாக்குவது நிறுத்தப்பட்டு, பின்னர் ரூபாய் 1 ஷில்லிங் 4 பென்சில் நிலைபெற்றது. கூலியைக் குறைக்காமலே கூலிச் செலவைக் குறைக்கும் வழி நாணய மாற்றில் இருந்தமையை இது விளக்குகிறது.

5. பேரும் அரைப்பேரும்

இங்கிலீசுச் சொற்களும் தோட்டத் தமிழில் புகுந்தன. காலையில் தொழிலாளர் அணிவகுக்கும் இடம் பெரட்டுக்களம். வருகைப் பதிவேடு செக்ரோல். அப்பதிவேட்டில் ஒருவரின் பெயர் பதியப்படுவதே அன்றைய கூலிக்குச் சான்று. எனவே ஒரு நாள் வேலை ‘பேர்’ எனப்பட்டது. குறித்த அளவு கொழுந்து எடுக்காதவருக்கு ‘அரைப்பேர்’ போடப்பட்டது. சட்டம் நாட்கூலியை நிறுவினாலும், எது ஒரு நாள் என்பதைத் தோட்டமே அளந்தது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் சட்டம் இலங்கையில் இந்தியத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சக் கூலி வகுத்தது. அதன்படி 1929இல் மலைநாட்டின் உயர்பகுதியில் ஆண்களுக்கு 54 சதமும் பெண்களுக்கு 43 சதமும் நாட்கூலியாயின. அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தம் தேயிலை, ரப்பர் விலைகளை வீழ்த்தியது. 1931 தொடங்கிக் குறைந்தபட்சக் கூலியே குறைக்கப்பட்டது. 1933இல் தேயிலைக்கும் 1934இல் ரப்பருக்கும் ஏற்பட்ட பன்னாட்டு உடன்பாடுகள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தின. விலை காக்கப்பட்டதாயினும் வேலை சுருங்கியது. மலாயாவிலிருந்து தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினராகத் திருப்பி அனுப்பப்பட்டனர்.

இந்நிலை இன்றும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 2021இல் இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 1,000 ரூபாயாக நிருணயிக்கப்பட்டது. அதன்பின் கொழுந்தின் நிறை அளவு உயர்த்தப்பட்டதாகவும் வேலை நாட்கள் குறைக்கப்பட்டதாகவும் தொழிற்சங்கங்கள் முறையிட்டன. 2022இன் தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 200ஆக இருந்த இலங்கை ரூபாய் சில மாதங்களில் 350ஐக் கடந்தது. தேயிலை டாலரை ஈட்டியது. கூலி 1,000 ரூபாயாகவே நின்றது. வெள்ளி வீழ்ந்த காலத்தில் நிகழ்ந்தது வேறு வடிவில் மீண்டும் நிகழ்ந்தது எனலாம். இம்முறை உணவு விலையும் உடன் ஏறியமையால் சுமை உடனடியாகத் தொழிலாளியின் மீது விழுந்தது.

6. மொழிபெயர்ப்புச் சிக்கல்கள்

காலனிய ஆவணங்களைத் தமிழாக்குவோர் முதலில் எதிர்கொள்வது ஆளைக் குறிக்கும் ‘கூலி’ என்னும் சொல்லையே ஆகும். அதனைத் ‘தொழிலாளி’ எனப் பெயர்த்தால், ஆவணத்தை எழுதியோரின் நோக்கு மறைகிறது. ‘கூலி’ என்றே எழுதினால் தமிழ்ப் பொருளோடு மயங்குகிறது. மேற்கோள் பகுதிகளில் ‘கூலியாள்’ எனவும், ஆய்வாளரின் சொந்தக் கூற்றில் ‘தொழிலாளி’ எனவும் வேறுபடுத்துவது தக்கதாகும்.

‘முன்பணம்’ என்பதும் அத்தகையதே. தோட்டக் கணக்கில் அது முன்பணம்; தொழிலாளியின் வழக்கில் அது கடன். எவர் கூற்றில் வருகிறது என்பதை நோக்கிச் சொல் தெரிதல் வேண்டும். மறுதலையாக, தமிழ் வாய்மொழிச் சான்றுகளைப் பிறமொழிகளில் பெயர்ப்போர் ‘பேர்’ என்பதை நாட்கூலி என்று மட்டும் பெயர்த்தால், பதிவேட்டை எழுதும் கைக்கு இருந்த அதிகாரம் விடுபட்டுப்போகும்.

7. முடிவுரை

உலகச் சந்தையின் ஏற்ற இறக்கம் கூலி விகிதத்தின் வழியாக மட்டும் தொழிலாளியை வந்தடையவில்லை. கடன், நிலுவை, நாணய மாற்று, நாளின் அளவு என்னும் பிற வழிகளிலும் அது வந்தடைந்தது. இவற்றுள் கடனையும் நாளின் அளவையும் தொழிலாளர் துண்டு எனவும் பேர் எனவும் பெயரிட்டு அறிந்திருந்தனர். நாணய மாற்றுக்கு அவர்கள் வழக்கில் தனிச்சொல் அமைந்ததாகத் தெரியவில்லை. பெயரிட்டு அறிந்த துண்டை எதிர்க்க முடிந்தது. அது சட்டத்தால் ஒழிந்தது. பெயர் பெறாத இழப்போ கேள்விக்கு உட்படாமல் நின்றது. வட்டார ஊதியச் சொற்களைத் தொகுக்கும் அகராதிப் பணி தொழிலாளர் வரலாற்றுக்கும் இன்றியமையாதது என்பது இதனால் பெறப்படும்.