சீரற்ற ஐடிலிங்

சீரற்ற ஐடிலிங் என்பது, தானுந்து நின்றிருக்கையில் ஆக்சிலேட்டரை மிதிக்காத நிலையில் அதன் எந்திரம் ஒரே வேகத்தில் ஓடாமல் ஏறி இறங்குவதும் குலுங்குவதும் ஆகும். சூடேறிய பெட்ரோல் எந்திரம் இந்நிலையில் பொதுவாக நிமிடத்திற்கு 700 முதல் 900 சுற்றுகள் சுழலும். ஓர் உருளையில் எரிதல் தவறுவதைப் பட்டறைகளில் 'மிஸ்ஸிங்' என்பர். மாருதி 800 போன்ற மூன்று உருளை எந்திரத்தில் ஒன்று தவறினாலே ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு குறைவதால், குலுக்கம் உடனே உணரப்படும்.

எச்சரிக்கை விளக்கு

எந்திரக் கட்டுப்பாட்டுக் கணினி பழுதை உணரும்போது, முகப்புப் பலகையில் எந்திர வடிவிலான மஞ்சள் விளக்கு எரியும். விளக்கு நிலையாக எரிந்தால் வண்டியை மெதுவாகப் பட்டறைக்கு ஓட்டிச் செல்லலாம். விட்டு விட்டு ஒளிர்ந்தால், எரியாத பெட்ரோல் வினையூக்கி மாற்றிக்குள் சென்று எரிந்து அதனை உருக்கக்கூடும். வண்டியை நிறுத்துவதே நல்லது. சாவியைத் திருப்பியவுடன் இவ்விளக்கு ஒருமுறை எரிந்து, எந்திரம் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பியும் எரியவில்லையெனில் பழுது இல்லை என்று பொருளன்று. பல்பு போயிருக்கலாம், அல்லது விற்பதற்காகக் கழற்றப்பட்டிருக்கலாம். பழைய வண்டி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

இந்தியாவில்

2010 ஏப்ரலில் பாரத் நிலை 4 விதிகள் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தன. அவற்றுடன் வண்டியிலேயே பழுதறியும் அமைப்பு கட்டாயமானது. அதன் இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில் வந்தது. நாமக்கல் மாவட்டம் அப்பட்டியலில் இல்லை. நாடு முழுவதற்கும் இவ்விதி 2017 ஏப்ரலில்தான் விரிந்தது. 1983 இல் தொடங்கிய மாருதி 800 உற்பத்தி 2014 இல் நின்றது. அவ்வண்டி 2010 இல் பெருநகர விற்பனையிலிருந்து விலகிய பின்னரும் பிற ஊர்களில் விற்கப்பட்டது. ஆகவே சேலம் - நாமக்கல் சாலையிலுள்ள புதுச்சத்திரம் போன்ற ஊர்களில், 16 முள் இணைப்பியில் கருவியைச் செருகிக் குறியெண் படிக்கும் முறை எல்லாப் பழைய வண்டிகளுக்கும் பொருந்தாது. சுசுக்கியின் 1990களின் சில அமைப்புகளில் இரு முனைகளைக் கம்பியால் இணைத்து, விளக்கு மினுக்குவதை எண்ணிக் குறியெண் அறிவர். 12 என்பது பழுதின்மையைக் குறிக்கும்.

காரணம் கண்டறிதல்

குறியெண் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எந்த அளவீடு பிறழ்ந்தது என்பதையே சொல்லும். பி 0302 எனில் இரண்டாம் உருளையில் எரிதல் தவறுகிறது. அவ்வுருளையின் ஸ்பார்க் பிளக்கையோ, உருளைக்கொன்றாகக் காயில் உள்ள வண்டியில் காயிலையோ மூன்றாம் உருளைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். குறியெண் பி 0303 ஆனால் மாற்றப்பட்ட பாகமே குற்றவாளி. மாறாவிடில் இன்ஜெக்டரையும், பின்னர் உருளையின் அழுத்தத்தையும் சோதிக்கலாம். காசு செலவில்லாத இச்சோதனையைச் செய்யாமல் மூன்று காயிலையும் புதிதாக வாங்குவது வீண்.

பி 0171 கலவையில் பெட்ரோல் குறைவு என்பதைக் காட்டும். உள்ளிழு குழாய்க்கும் அதன் ரப்பர் குழல்களுக்கும் வயதாகி விரிசல் விட்டால், அளக்கப்படாத காற்று நுழையும். காற்றின் அளவை நேரடியாக அளக்கும் உணரியுள்ள வண்டியில் இக்குறைபாடு ஐடிலிங்கில் மிகுந்தும் வேகம் கூடும்போது குறைந்தும் தெரியும். அழுத்த உணரி உள்ள வண்டியிலோ ஐடிலிங் வேகமே உயர்ந்து நிற்பதுண்டு. த்ராட்டில் தகட்டில் படியும் கரியும், ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வில் சேரும் அழுக்கும் பழைய வண்டிகளில் அடிக்கடி காணப்படுபவை.

பாட்டரி இணைப்பைக் கழற்றினால் விளக்கு அணையும், பழுது நீங்காது. கணினி கற்றுவைத்த திருத்தங்களும் பல வண்டிகளில் அழிந்து, சில நாள் ஐடிலிங் மேலும் மோசமாகலாம். குறியெண்ணைக் குறித்துக்கொள்ளாமல் இதனைச் செய்வது தடயத்தை அழிப்பதாகும்.

புகைச் சான்று

தனிப்பயன் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். அதற்கு வேண்டிய புகைச் சோதனையில் பெட்ரோல் வண்டியின் கார்பன் மோனாக்சைடும் ஐதரோகார்பனும் ஐடிலிங்கிலேயே அளக்கப்படுகின்றன. எரியாத பெட்ரோல் ஐதரோகார்பன் அளவை உயர்த்துவதால், மிஸ்ஸிங் உள்ள வண்டி இச்சோதனையில் தவறக்கூடும்.