நிதி

‘நி’ என்றால் கீழே. ‘தா’ என்ற வடமொழி வேருக்கு வைத்தல் என்று பொருள். கீழே வைத்தது, பத்திரமாக ஒளித்து வைத்தது: நிதி. கோயில் வாசலில் நிற்கும் சங்கநிதியும் பதுமநிதியும் குபேரனின் புதையல்கள்தாம்.

மயிலாப்பூரில் இந்தச் சொல்லுக்கு 150 வயதைத் தாண்டிய ஓர் ஆபீஸ் உண்டு. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்டு. இவ்வகை அமைப்புகளுக்கு 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 406-ஆம் பிரிவில், வைத்திருக்கும் பெயரே ‘நிதி’. டெபாசிட் வாங்குவதும் கடன் கொடுப்பதும் உறுப்பினர்களுக்குள் மட்டுமே. சிக்கனப் பழக்கத்தை வளர்ப்பதுதான் நோக்கம் என்று அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளே சொல்கின்றன. பாட்டி சொன்னதை வக்கீல் எழுதிவைத்த மாதிரி.

வீட்டில் யாரும் நிதி என்பதில்லை, ‘ஃபண்டு’தான். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், ஐப்பசியில் தீபாவளி, நடுவில் ஒரு கல்யாணம் என்று வரும் வருஷத்தைக் கூறுபோட்டு, “மாசாமாசம் ஃபண்டுல போட்டுண்டு வரேன்” என்பார் மாமி. கணக்கு இடித்தால் வளையலை ‘வைத்து’ப் பணம் வாங்குவார். அந்த ‘வை’யும் பழைய ‘தா’வும் ஒரே பொருள்தான்.