பிரேம்சந்த் ராய்சந்த்: கிளை பல, வேர் ஒன்று

வணிகவியல் பயின்று வங்கியிலோ நிதி நிறுவனத்திலோ பணியில் அமரும் இளைஞர்கள், சில ஆண்டுகள் கழிந்ததும் ஒரு கேள்வியை எதிர்கொள்கின்றனர். கடன் வழங்கல், தணிக்கை, பங்குச் சந்தை என ஏதேனும் ஒன்றிலேயே ஊன்றி நின்று வல்லவராவதா? அன்றிப் பல பிரிவுகளிலும் பழகி அகன்ற அனுபவம் பெறுவதா? கேள்வி புதிதன்று. வடநாட்டுச் சமண வணிகர் இருவகையினர் இதற்கு இருவேறு விடைகளைத் தம் வாழ்வாலேயே தந்துள்ளனர். உழவையும் ஆசிரியப் பணியையும் பெரிதும் சார்ந்து வாழ்ந்த தமிழ்ச் சமணர்க்கு அச்சுவேதாம்பர வணிகக் குடிகளின் கதை சற்று அயலானதே. ஆயினும் பிள்ளைகள் நிதித்துறைக்குச் செல்லும் இந்நாளில் அது அறியத் தக்கது.

முதல் விடை ஜகத் சேட் குடும்பத்தினருடையது. முர்ஷித் குலி கான் தம் அலுவலகத்தை டாக்காவிலிருந்து முர்ஷிதாபாத்துக்கு மாற்றியபோது, மாணிக்சந்த் என்னும் வணிகரும் உடன் சென்றார். அவருக்குப் பின் வந்த ஃபதேசந்துக்கு முகலாயப் பேரரசர் 'ஜகத் சேட்' என்னும் பட்டத்தை வழங்கினார். நாணயங்களை வட்டம் பிடித்து மாற்றுதல், நாணயச்சாலையை நடத்துதல், வங்காளத்தின் வரிப்பணத்தை உண்டியல் வழியே தில்லிக்குச் சேர்ப்பித்தல் ஆகியவை இக்குடும்பத்தின் தொழில். பணத்தைத் தவிர வேறு சரக்கை இவர்கள் பெரிதாக நாடவில்லை. அத்தொழிலில் இவர்களுக்கு நிகரானவர் எவருமிலர். ஆனால் அத்தனையும் நவாபின் அரசவையை நம்பி நின்றன. 1757இல் பிளாசிப் போருக்கு முன் நடந்த சூழ்ச்சியில் இவர்களும் பங்குகொண்டனர். 1763இல் குடும்பத் தலைவர்கள் இருவரை மீர் காசிம் கொல்வித்தார். 1772இல் கும்பினியார் கருவூலத்தைக் கல்கத்தாவுக்குக் கொண்டு சென்றபின், ஜகத் சேட் என்னும் பெயர் எஞ்சியது, தொழில் எஞ்சவில்லை.

இரண்டாவது விடை, ஏறத்தாழ நூறாண்டு கழித்துப் பம்பாயில் கிடைத்தது. அதனைத் தந்தவர் பிரேம்சந்த் ராய்சந்த்.

சூரத்தில் எளிய வணிகக் குடும்பத்தில் பிறந்த இவர், சிறுவராகவே பம்பாய்க்கு வந்து கல்வி கற்றார். ஆங்கிலம் அறியாத தரகர் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். அக்காலத் தரகர் கூட்டத்தில் ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் வல்ல இந்தியர் அரியர். ஐரோப்பிய நிறுவனத்தாரிடம் நேர்நின்று பேசக்கூடியவராக இவ்விளைஞர் விளங்கினார். ஒப்பந்தங்களை ஏட்டில் குறிக்காமல் நினைவிலேயே வைத்திருந்தார் என்பர். எந்தப் பங்கு என்ன விலைக்குப் போகும், யார் வாங்குவார், யார் விற்க நேரிடும் என்பதை அறிந்திருப்பதே தரகரின் முதல். அம்முதலை இவர் பொறுமையாகச் சேர்த்தார். இந்த அளவில் இவர் ஒரு தொழிலில் ஆழ்ந்த மனிதரே.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டதால் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வரவில்லை. ஆலைக்காரர்கள் இந்தியப் பருத்தியை என்ன விலைக்கும் வாங்கினர். பம்பாயில் பணம் குவிந்தது. குவிந்த பணத்துக்குப் போக்கிடம் வேண்டியிருந்தது. புதிய வங்கிகளும், நிதிச் சங்கங்களும், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிறுவனங்களும் நாள்தோறும் முளைத்தன. பிரேம்சந்த் தரகோடு நிற்கவில்லை. பருத்தி வணிகரானார், ஏஷியாட்டிக் பேங்கிங் கார்ப்பரேஷன் போன்ற வங்கிகளின் பின்னணியில் நின்றார், பேக் பே கடல் தூர்ப்பு நிறுவனத்தில் முன்னின்றார். அவர் பெயர் சேர்ந்தால் போதும், பங்கு ஏறும் என்னும் நிலை உண்டாயிற்று. ஐயாயிரம் ரூபாய் கட்டிய பேக் பே பங்கு, ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் விலைபோன காலம் அது.

வெளியிலிருந்து நோக்குவார்க்கு இது அகன்ற அனுபவமாகவே தோன்றும். தரகு, பருத்தி, வங்கி, நிலம் என நான்கு துறைகள். ஒன்று சாய்ந்தாலும் மற்றது தாங்கும் என்றே எவரும் எண்ணியிருப்பர். உண்மை வேறு. வங்கி, பங்குகளை ஈடாகப் பெற்றுக் கடன் கொடுத்தது. அக்கடன் மீண்டும் பங்குகளை வாங்கவே சென்றது. பங்குகளின் விலையோ பருத்தி இலாபத்தால் உயர்ந்து நின்றது. பருத்தி இலாபம், கடல் கடந்த ஒரு போரால் வந்தது. நான்கு தொழில்களாகத் தோன்றியவை ஒரே தொழிலின் நான்கு பெயர்கள். பிரேம்சந்த் தம் கையிருப்பைப் பரப்பினாரேயன்றித் தம் இடரைப் பிரிக்கவில்லை.

1865 ஏப்ரலில் தென்னாட்டுத் தளபதி லீ சரணடைந்தார். செய்தி வந்ததும் பருத்தி விலை சரிந்தது. கெடுவைத்துப் பேசிய ஒப்பந்தங்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டிய நாள் ஜூலை 1. அன்று வாங்கியவரால் செலுத்த இயலவில்லை; செலுத்தாதவரை நம்பி விற்றவரும் உடன் வீழ்ந்தனர். வணிக நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொடித்தன. பிரேம்சந்தும் தப்பவில்லை. பாம்பே வங்கியே மூலதனத்தின் பெரும்பகுதியை இழந்து 1868இல் மூடப்பட்டது. அவ்வங்கியில் அவருக்கிருந்த செல்வாக்கும், தக்க ஈடின்றி வழங்கப்பட்ட கடன்களும் பின்னர் அரசு நடத்திய விசாரணையில் வெளிப்பட்டன. அவரைப் போற்றி எழுதுவோர் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றனர், அது நேர்மையன்று. சேமிப்பை இழந்த சிறு குடும்பங்கள் பல. அவ்வங்கியின் இடத்தில் அதே ஆண்டு புதிய பாம்பே வங்கி தோன்றியது. அது 1921இல் வங்காள, சென்னை வங்கிகளோடு இணைந்து இம்பீரியல் வங்கியாகி, 1955இல் பாரத ஸ்டேட் வங்கியாயிற்று.

வீழ்ந்தபின் பிரேம்சந்த் செய்தது கருதத் தக்கது. வங்கிகளும் கடல் தூர்ப்பும் போயின, தரகு போகவில்லை. விலையறியும் நுட்பம் பறிபோகும் பொருளன்று. முப்பத்தைந்து வயதை ஒட்டிய நிலையில் அவர் தாம் கற்ற முதல் தொழிலுக்கே திரும்பினார். பம்பாய்த் தரகர்கள் 1875இல் தமக்கெனச் சங்கம் அமைத்தபோது, அதனை நிறுவியவருள் அவரும் ஒருவர். உறுப்பினர் 318 பேர். சேர்க்கைக் கட்டணம் ஒரு ரூபாய். அதுவே பம்பாய்ப் பங்குச் சந்தையாக வளர்ந்தது. வீழ்ச்சிக்குப் பின்னும் நாற்பதாண்டுகள் வாழ்ந்து, 1906இல் அவர் மறைந்தார்.

செல்வம் உச்சத்தில் இருந்தபோது அவர் அளித்த கொடைகள் வீழ்ச்சியில் சிக்கவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் நிறுவப்பட்ட உதவித்தொகையைப் பெற்றவருள் அசுதோஷ் முகர்ஜியும் ஒருவர். பம்பாய்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கும் அதன் மணிக்கூண்டுக்கும் அவர் தலைக்கு இரண்டு இலட்சம் ரூபாய் வழங்கினார். கூண்டுக்குத் தம் தாயார் இராஜாபாயின் பெயர் வேண்டும் என்பது மட்டுமே அவர் கேட்டது. பார்வை இழந்த அவ்வம்மையார் இரவுண்ணாமை விரதத்தைப் பிழையாது காக்கவும், கதிரவன் சாயுமுன் உணவு கொள்ளும் வேளையை மணியோசையால் அறியவும் அக்கூண்டு உதவியது என்பது செவிவழிச் செய்தி. 1878இல் கட்டடம் முடிந்தபோது, மகன் பழையபடி பங்கும் பருத்தியும் பேசி முடிக்கும் தரகராக இருந்தார்.