வீட்டைக் காட்சிப்படுத்தி விற்றல்

வீட்டைக் காட்சிப்படுத்தி விற்றல் என்பது விற்பனைக்கு வந்த வீட்டை, வாங்க வருபவரின் மனத்துக்கு உகந்த வகையில் ஒழுங்குசெய்து காட்டும் வழக்கம். சுத்தம் செய்தல், வெள்ளையடித்தல், பொருட்களை ஒதுக்கி இடத்தைப் பெரிதாகக் காட்டுதல், வெளிச்சம் அமைத்தல், மாதிரி வீடு கட்டிக் காட்டுதல் ஆகியவை இதில் அடங்கும். வீட்டின் நிறைகளை எடுத்துக்காட்டுவது விற்பவரின் உரிமை, குறைகளை மறைப்பது மோசடி. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லை எது என்ற கேள்வியே இவ்வழக்கத்தின் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

பழைய சான்று

இவ்வழக்கம் பற்றிய மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ பொ.யு.மு. 44-ல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. கானியஸ் என்ற ரோமானியப் பிரமுகர் ஓய்வுக்காகச் சிசிலித் தீவின் சிராகூஸ் நகருக்குச் சென்றார். அங்கே ஒரு தோட்டவீடு வாங்க விரும்பினார். பிதியஸ் என்ற வட்டிக்கடைக்காரர் தன் தோட்டவீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லி, மறுநாள் விருந்துக்கு மட்டும் அழைத்தார். பின்னர் மீனவர்களைக் கூப்பிட்டு, மறுநாள் தன் வீட்டின் முன்னால் மீன்பிடிக்கும்படி ஏற்பாடு செய்தார்.

விருந்துக்கு வந்த கானியஸ் கண்டது கூட்டங்கூட்டமாகப் படகுகள். மீனவர்கள் ஒவ்வொருவராக வந்து பிதியஸின் காலடியில் மீனைக் கொட்டினர். ஊரின் மீன் எல்லாம் இங்கேதான் கிடைக்கிறது என்றார் பிதியஸ். ஆசை மிகுந்த கானியஸ் கெஞ்சிக் கேட்டு, சொன்ன விலைக்கே வாங்கினார். அடுத்த நாள் நண்பர்களை அழைத்துவந்தபோது ஒரு படகுகூட இல்லை. மீனவர்களுக்கு இன்று விடுமுறையா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரித்தார். இங்கே யாரும் மீன்பிடிப்பதில்லை, நேற்று வந்ததுதான் வியப்பு என்பது அவருக்குக் கிடைத்த பதில். மோசடிக்கு எதிரான வழக்கு முறையை அக்விலியஸ் என்ற சட்ட அறிஞர் அப்போது இன்னும் உருவாக்கியிருக்கவில்லை. ஆகவே கானியஸால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சிசரோ குறிப்பிடுகிறார்.

நெசவாளர் வீடுகள்

எதைக் காட்டினால் வீடு விலைபோகும் என்பது வாங்குபவரின் தொழிலைப் பொறுத்தது. திருவண்ணாமலை மாவட்டத்தின் ஆரணி, வெம்பாக்கம் வட்டாரத்திலும் அருகிலுள்ள காஞ்சிபுரத்திலும் பட்டு நெசவாளரின் வீடே அவருடைய தொழிற்கூடம். அங்கே அலங்காரத்தைவிடத் தறிக்கு ஏற்ற இடமே முதன்மையானது. தறி நீளத்துக்குக் கூடம் வேண்டும். ஜக்கார்டு பெட்டியைத் தறிக்கு மேலே பொருத்தக் கூரை உயரம் வேண்டும். இழை அறுந்தால் கண்ணுக்குத் தெரியும் அளவு பகல் வெளிச்சம் வேண்டும். பாவை நீட்டிப் பதப்படுத்த வீட்டுக்கு முன் நீளமான தெரு வேண்டும்.

குழித்தறி உள்ள வீட்டில் மிகப்பெரிய குறை ஈரம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் ஊறித் தறிக்குழியில் தண்ணீர் நின்றால் நெசவு நின்றுவிடும், கூலியும் நின்றுவிடும். கோடையில் வெள்ளையடித்து, குழியை மெழுகி, வாசலில் கோலமிட்டுக் காட்டப்படும் வீட்டில் இந்தக் குறை தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வந்து பார்ப்பவருக்கே தெரியும்.

செட்டிநாடு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் நகரத்தார் கட்டிய செட்டிநாட்டு வீடுகள், பார்ப்பவர் கண்ணுக்காகவும் அமைக்கப்பட்டவை. முகப்பு, வளவு, பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடி தரைக்கற்கள், கண்ணாடிபோல் மின்னும் சுண்ணாம்புப் பூச்சு ஆகியவை குடும்பத்தின் செல்வத்தையும் நாணயத்தையும் ஊருக்குக் காட்டின.

பர்மா, மலாயா வணிகம் சரிந்த பின் பல வீடுகள் பராமரிக்க ஆளின்றிப் பூட்டப்பட்டன. பங்காளிகள் பலர் சேர்ந்து உரிமை கொண்ட பெரிய வீட்டை முழுதாக வாங்க ஆள் அரிது. எனவே பல வீடுகள் இடிக்கப்பட்டு, தூண், கதவு, நிலை எனத் தனித்தனியாக விற்கப்பட்டன. காரைக்குடியின் பழம்பொருள் கடைகள் இவ்வாறு வளர்ந்தன. மாறாக, கானாடுகாத்தானின் விசாலம் போன்ற சில வீடுகள் சீரமைக்கப்பட்டு விடுதிகளாயின. 1996-ல் முட்டுக்காட்டில் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்தெடுத்துக் கொண்டுவந்து மீண்டும் நிறுவியது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலக மரபுச்சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

மாதிரி வீடுகள்

1908-ல் லண்டன் ஒலிம்பியா அரங்கில் டெய்லி மெயில் நாளிதழ் நடத்திய இலட்சிய வீட்டுக் கண்காட்சி, வீட்டையே காட்சிப்பொருளாக்கியது. 1954-ல் புதுதில்லியில் நடந்த குறைந்த செலவு வீடுகளுக்கான பன்னாட்டுக் கண்காட்சியிலும் மாதிரி வீடுகள் கட்டிக் காட்டப்பட்டன. அதன் நோக்கம் விற்பனை அல்ல, கட்டுமான முறைகளை அறிமுகப்படுத்துவது. அமெரிக்காவில் பார்ப் ஸ்வார்ட்ஸ் என்ற வீட்டு விற்பனை முகவர் 1970களில் நாடக மேடையிலிருந்து சொல்லை எடுத்து இதற்கு ‘ஹோம் ஸ்டேஜிங்’ என்று பெயரிட்டுத் தனித் தொழிலாக்கினார்.

அடுக்குமாடி வீடுகள் பெருகியதும் மாதிரி வீடு சென்னைக்கும் வந்தது. கட்டி முடியாத வீட்டுக்குப் பணம் கட்டுபவருக்கு அது ஒன்றே கண்கூடான சான்று. வழக்கத்தைவிடச் சிறிய கட்டில், சுவர் நிறையக் கண்ணாடி, கதவு பொருத்தப்படாத அறைகள், மிகுந்த விளக்கொளி ஆகியவற்றால் சிறிய அறையும் பெரிதாகத் தோன்றும்.

சட்டம்

இந்தியாவில் 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆம் பிரிவில் இவ்வெல்லையை வரையறுத்தது. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், சாதாரணக் கவனத்தால் கண்டறிய முடியாத முக்கியக் குறை சொத்திலோ அதன் மீதான விற்பவரின் உரிமையிலோ இருந்தால் அதை விற்பவர் வெளிப்படுத்த வேண்டும். வெளிப்படுத்தாமை மோசடி எனக் கருதப்படும். விரிசல் மேல் பூசிய புதுச் சாயம் இப்பிரிவின்கீழ் வரக்கூடும். எல்லோருக்கும் தெரியும் இருண்ட சமையலறை வராது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் மாதிரி வீட்டையே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. விளம்பரத்தையோ மாதிரி வீட்டையோ நம்பி முன்பணம் கட்டியவர், அதிலிருந்த பொய்த் தகவலால் இழப்படைந்தால் கட்டுமான நிறுவனம் ஈடு செய்ய வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. ஒப்படைத்த ஐந்தாண்டுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டுமானக் குறையை நிறுவனம் தன் செலவில் சரிசெய்ய வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. சிராகூஸில் கானியஸுக்கு இல்லாத வழி இவ்வாறு மாதிரி வீட்டை நம்பிப் பணம் கட்டுபவருக்குக் கிடைத்தது. பழைய வீட்டைத் தனியாரிடம் வாங்குபவருக்கு 1882-ஆம் ஆண்டுச் சட்டமும், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பதுமே இன்றும் முதன்மையான காப்பு.