நடவாததை அளந்த கதை

அம்பத்தூரில் என் இல்லத்தின் அருகே ஒரு கடைசல் பட்டறை உண்டு. அங்குப் பாயும் மின்சாரம் முப்பந்தல் காற்றில் பிறந்ததா, வடசென்னையில் எரிந்த நிலக்கரியில் பிறந்ததா என எவராலும் பிரித்துரைக்க இயலாது. எல்லாம் ஒரே மின்வலையில் கலந்துவிடுகின்றன.

1997ஆம் ஆண்டின் கியோட்டோ உடன்படிக்கை, வளரும் நாடுகளில் குறையும் கரியமில வாயுவைச் செல்வ நாடுகள் விலைக்கு வாங்கித் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள இடமளித்தது. ஆயின், காற்றாலை ஒன்று எத்தனை டன் குறைத்தது? அது நிறுவப்படாதிருந்தால் எழுந்திருக்கும் புகையை முதலில் கணித்தாக வேண்டும். நடவாத ஒன்றை அளப்பது எங்ஙனம்? அவ்வளவுக்கே அடிக்கோடு என்று பெயர்.

1802இல் பரங்கிமலையருகே லாம்டன் துரை எஃகுச் சங்கிலியால் ஏறத்தாழ ஏழரை மைல் அடிக்கோடு அளந்தார். ஐயமுற்றால் அதனை மீண்டும் அளக்கலாம். இதற்கோ அவ்வசதி இல்லை. தொடக்கத்தில் திட்டத்தாரே தத்தம் கணக்கைப் போட்டனர். ஆய்வாளர் சரிபார்த்தனர் எனினும், மகனின் விடைத்தாளைத் தந்தை திருத்துவது போன்ற ஏற்பாடே அது! கோட்டை உயர்த்தினால் வரவு பெருகும். பொய்யாக வரவான ஒவ்வொரு டன்னுக்கும் வேறோர் நாட்டில் மெய்யான புகை எழும்.

2006இல் மத்திய மின்சார ஆணையம், மின்நிலையந்தோறும் எரிந்த எரிபொருளையும் கிடைத்த மின்சாரத்தையும் கொண்டு பொது அளவை வெளியிட்டது. தென்னக மின்வலை தனித்திருந்தமையால் நமக்கு ஓர் எண். பிற பகுதிகளுக்கு வேறோர் எண். 2013 டிசம்பர் 31ஆம் நாள் ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்தடம் இரு வலைகளையும் இணைத்தது. பின்னர் நாடு முழுமைக்கும் ஒரே எண்ணாயிற்று. நிலையவாரியான அக்கணக்கு எவர்க்கும் கிடைக்கும். மாணவர் எவரும் கூட்டிப் பார்க்கலாம். நானும் ஒருநாள் பார்த்தேன், ஒரு மாலைப்பொழுது முழுதும் அதற்கே சரியாகிவிட்டது.